தூ யூயூ போன வழியில்: ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுக்கும் ஆய்வகக் கையேடு

மருந்தியல், வேதியியல் படிக்கிறவர்களுக்கும் அவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பவர்களுக்கும் எழுதியது இது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தைச் சீனாவின் தூ யூயூவும் அவர் குழுவும் 1969 முதல் 1973 வரை எப்படிக் கண்டெடுத்தார்கள் என்பதை, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வாரத்துக்குள் கையால் செய்து பார்க்கலாம்.

பழைய நூலில் ஒரு வரியைப் படித்தார், மருந்து கிடைத்தது என்று அவர் கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். சிங்ஹாவ் என்ற அந்தச் செடி காய்ச்சலுக்கு நல்லது என்று பல நூற்றாண்டுகளாகவே சீனாவில் எழுதிவைத்திருந்தார்கள். தூ யூயூ செய்தது வேறு. சோதனை முடிவு ஒருநாள் மேலும் ஒருநாள் கீழுமாகத் தடுமாறியபோது, செடியைக் கைவிடாமல் தான் செய்யும் முறையைச் சந்தேகித்தார். எவ்வளவு சூடு, இலையா தண்டா, எந்தப் பருவத்தில் பறித்தது, சாற்றில் எந்தப் பகுதி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். இந்தக் கையேடும் அதே வரிசையில்தான் போகிறது.

முதலிலேயே ஒன்று. இங்கே கிடைக்கும் எந்தச் சாறும், எந்தப் படிகமும் வாயில் படக்கூடாது. இலையைத் தேநீராகப் போட்டுக் குடிப்பதும் மருந்தாகாது. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினை வாய்வழியாகத் தனியாகக் கொடுப்பதை நிறுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2006-இல் சொல்லிவிட்டது. குறைந்த அளவில் தனியாக உள்ளே போனால் பலவீனமான ஒட்டுண்ணிகள் சாகும், தாக்குப்பிடிப்பவை பெருகும். அதனால்தான் சாதாரண மலேரியாவுக்கு வேறொரு மருந்தோடு சேர்த்த கூட்டு மருந்தாக மட்டுமே தருகிறார்கள்.

ஆளும் காலமும்

தூ யூயூ 1930 டிசம்பர் 30-இல் செஜியாங் மாகாணத்தின் நிங்போவில் பிறந்தார். 16 வயதில் காசநோய் வந்து இரண்டு ஆண்டு படிப்பு நின்றது. மருத்துவத்தின் பக்கம் அவர் திரும்பியது அப்போதுதான். பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் படித்து 1955-இல் முடித்து, சீன மரபு மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். பிறகு இரண்டரை ஆண்டு மரபு மருத்துவத்திலும் பயிற்சி பெற்றார். பழைய மருத்துவ ஏட்டையும் புதிய வேதியியலையும் ஒருவரே படிக்கத் தெரிந்திருந்தது பின்னால் பெரிதும் உதவியது. முனைவர் பட்டம் அவரிடம் இல்லை, வெளிநாட்டில் படித்ததும் இல்லை.

வியட்நாம் போரில் படைவீரர்கள் மலேரியாவில் விழுந்துகொண்டிருந்தார்கள். அப்போதைய மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு ஒட்டுண்ணி பழகிவிட்டிருந்தது. 1967 மே 23-இல் சீன அரசு ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. அந்தத் தேதியே பெயராகி அது '523 திட்டம்' ஆனது. 1969 ஜனவரியில் தூ யூயூவை அவருடைய கழகத்தின் குழுத் தலைவராக்கி, ஹைனான் தீவுக்கு நோயை நேரில் பார்க்க அனுப்பினார்கள். கணவர் அப்போது கிராம முகாமில் இருந்தார். நான்கு வயது மூத்த மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போனார். இளையவள் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தாள்.

பழைய நூலைச் செய்முறைக் குறிப்பாகப் படிப்பது

அவர் குழு 2,000-க்கு மேல் மரபு மருந்துக் குறிப்புகளைத் திரட்டி, 640-ஐத் தேர்ந்து ஒரு கையேடாகத் தொகுத்தது. ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380-க்கு மேற்பட்ட சாறுகளை எலி மலேரியாவில் சோதித்தார்கள். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை 68 சதவீதம் ஒட்டுண்ணியைத் தடுத்தது. மறுபடி செய்தால் 12 முதல் 40 சதவீதம்தான். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் அடுத்த செடிக்குப் போயிருப்பார்கள்.

தூ யூயூ ஏட்டுக்குத் திரும்பினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர மருந்துக் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் நீரில் ஊறவை, பிழிந்து சாறெடு, முழுவதையும் குடி. காய்ச்சு என்ற சொல் அதில் இல்லை. மற்ற மூலிகைக் குறிப்புகள் பெரும்பாலும் கொதிக்க வைக்கச் சொல்லும்போது இது பிழியச் சொன்னால், சூடு ஆகாது என்பதாக இருக்கலாம் அல்லவா? அந்த ஐயம்தான் அவரைக் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதருக்குக் கொண்டுபோனது.

நீங்களும் எந்தப் பழைய குறிப்பை எடுத்தாலும் தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: செடியின் எந்தப் பாகம், பச்சையா காய்ந்ததா, எந்த நீர்மம், எவ்வளவு, சூடு உண்டா. குறிப்பில் இல்லாததை நீங்களாக நிரப்பாமல், அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். வெறும் கட்டங்கள்தான் நீங்கள் சோதிக்க வேண்டியவை. அளவுகளை மொழிபெயர்க்கும்போதும் கவனம் வேண்டும். கே ஹோங் சொன்ன இரண்டு ஷெங்கை 'இரண்டு லிட்டர்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஷெங் ஏறத்தாழ 200 மில்லிதான். ஒரு பிடி இலைக்கு 400 மில்லி என்பதும் 2,000 மில்லி என்பதும் ஒரே சாறு ஆகாது.

செடியும் பாகமும்

சிங்ஹாவ் என்ற ஒரே பெயரில் சீன மருந்துக் கடைகளில் ஆறு வகைச் செடிகள் விற்றன. அவற்றில் ஆர்ட்டிமீசியா அன்னுவா மட்டுமே பயன்பட்டது. மரிக்கொழுந்தும் இதே பேரினம்தான், ஆனால் இனம் வேறு. ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது. எனவே வாங்கும் இலைக்குத் தாவரவியல் பெயரும் அறுவடைத் தேதியும் எழுதிக் கேளுங்கள். ஒரு கிளையை அழுத்தி உலர்த்திச் சான்று மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முடிவு வராதபோது பிழை செடியிலா முறையிலா என்று சொல்ல அந்த ஒரு தாள்தான் இருக்கும்.

ஆர்ட்டிமிசினின் இலையின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களில் சேர்கிறது. தண்டில் பயனில்லை. பூக்கும் பருவத்துக்குச் சற்று முன்பு அளவு உச்சத்தில் இருக்கும். அப்போதே பறித்தால் மகரந்தத் தூசியால் வரும் தும்மலும் மிச்சம். விளையும் இடத்தைப் பொறுத்து அளவு பெரிதும் மாறும். காய்ந்த எடையில் 0.01 சதவீதம் உள்ள செடியும் உண்டு, 1 சதவீதத்தைத் தாண்டியதும் உண்டு. பெய்ஜிங் வட்டாரத்துச் செடியில் அளவு மிகக் குறைவாக இருந்தது தூ யூயூ குழுவின் ஆரம்பத் தடுமாற்றத்துக்கு ஒரு காரணம்.

இலையை நிழலில், 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். தண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கையால் நொறுக்கிச் சலித்தால் போதும். மிக்சியில் மாவாக அரைக்காதீர்கள். வேண்டிய பொருள் இலைக்கு வெளியே சுரப்பியில் இருக்கிறது. மாவாக்கினால் உள்ளே இருக்கும் பச்சையமும் மெழுகும்தான் கூடுதலாக வரும், வடிதாளும் அடைத்துக்கொள்ளும்.

கரைப்பானும் பாதுகாப்பும்

தூ யூயூ பயன்படுத்திய டை எத்தில் ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசையோடு தவழ்ந்து போய் நான்கு அடி தள்ளியிருக்கும் சுவிட்சிலோ சூடான தட்டிலோ பற்றிக்கொள்ளும். திறந்து வைத்த பழைய ஈதரில் வெடிக்கும் பெராக்சைடு சேரும். மாணவர் வகுப்புக்கு 40–60 டிகிரியில் கொதிக்கும் பெட்ரோலியம் ஈதரே போதும். அதுவும் தீப்பற்றும், ஆனால் பெராக்சைடுத் தொல்லை இல்லை. ஹெக்சேன் நரம்பைப் பாதிக்கும் என்பதால் கடைசியில் சிலிக்கா ஜெல் குழாயில் ஊற்றும் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாமே புகைக் கூண்டுக்குள் நடக்கட்டும். சுடர் கூடவே கூடாது; சூடு தேவைப்பட்டால் வாட்டர் பாத். பெய்ஜிங்கில் தூ யூயூ குழுவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. கலாசாரப் புரட்சிக் காலம், பல ஆய்வகங்கள் பூட்டிக் கிடந்தன. வீட்டில் தண்ணீர் ஊற்றிவைக்கும் பெரிய தொட்டிகளில் ஈதரை ஊற்றி இலையை ஊறவைத்தார்கள். சரியான காற்றோட்டம் இல்லாமல் குழுவினர் நோயுற்றார்கள். தூ யூயூவுக்கே கல்லீரல் அழற்சி வந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு கூண்டின் கண்ணாடியை இறக்கி விடுங்கள்.

ஐந்து குடுவைச் சோதனை

இந்தக் கையேட்டின் உயிர் இதுதான். நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். ஒரே கொத்திலிருந்து எடுத்துக் கலந்த இலை 40 கிராம் வேண்டும். நான்கு குடுவைக்குப் பத்துப் பத்துக் கிராம். ஐந்தாவது குடுவைக்கு முதல் குடுவையின் சக்கை.

1. முதல் குடுவை கஷாயம். 200 மில்லி நீரில் 30 நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். சக்கையை எறியாதீர்கள்.

2. இரண்டாவது கே ஹோங் முறை. 200 மில்லி அறை வெப்ப நீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி நன்றாக முறுக்கிப் பிழியுங்கள். வெறுமனே வடிப்பதும் பிழிவதும் ஒன்றல்ல; பிழியும்போது சுரப்பி எண்ணெயும் சேர்ந்து வரும். சாறு கலங்கலாக இருப்பது அதனால்தான், அதைத் தெளிய வைக்க வேண்டாம்.

3. மூன்றாவது சூடான ஆல்கஹால். 95 சதவீத எத்தனால் 200 மில்லி, ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப இறக்கும் குளிர்விப்பான் பொருத்தி 78 டிகிரியில் ஒரு மணி நேரம்.

4. நான்காவது குளிர் முறை. பெட்ரோலியம் ஈதர் 200 மில்லி, அறை வெப்பத்தில் 12 மணி நேரம். இடையிடையே ஆட்டி விடுங்கள். மூடியை இறுக்கி வைத்தால் அழுத்தம் ஏறும். ஒவ்வொரு முறை ஆட்டிய பிறகும் ஒரு நொடி திறந்து மூடுங்கள்.

5. ஐந்தாவது, முதல் குடுவையின் சக்கை. 40 டிகிரிக்குள் உலர்த்தி, நான்காவதைப் போலவே பெட்ரோலியம் ஈதரில் ஊறவையுங்கள்.

நீர்ச் சாறுகள் இரண்டையும் 50 மில்லி எத்தில் அசிட்டேட்டால் இரண்டு முறை குலுக்கி மேலடுக்கைச் சேருங்கள். பிறகு ஐந்தையும் ரோட்டரி எவாப்பரேட்டரில், வாட்டர் பாத் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்ற விடுங்கள். மிச்சத்தை ஒவ்வொன்றிலும் சரியாக 25 மில்லி எத்தில் அசிட்டேட்டில் கரையுங்கள். இலையில் 0.5 சதவீதம் இருந்தால் 10 கிராமில் 50 மில்லிகிராம்; முழுவதும் வந்திருந்தால் மில்லிக்கு 2 மில்லிகிராம். டி.எல்.சி. (மென்படலப் பிரிப்பு) தட்டில் 5 மைக்ரோலிட்டர் வைத்தால் 10 மைக்ரோகிராம், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு. கடைசிக் கன அளவு ஐந்திலும் ஒன்றாக இல்லாவிட்டால் புள்ளிகளை ஒப்பிடவே முடியாது. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

ஐந்தாவது குடுவை எதற்கு? முதல் குடுவையில் புள்ளி மங்கலாக வந்தால் உடனே 'சூட்டில் அழிந்தது' என்று எழுதிவிடுவார்கள். தண்ணீரில் ஆர்ட்டிமிசினின் கரைவதே லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான். கஷாயத்தில் இல்லை என்றால் அது அழிந்திருக்கலாம், அல்லது கரையாமல் சக்கையிலேயே தங்கியிருக்கலாம். சக்கைச் சாற்றில் நான்காவது குடுவைக்குச் சமமான புள்ளி வந்தால் கரையாததே காரணம். அங்கும் குறைந்திருந்தால் இழப்பு நடந்திருக்கிறது. தூய படிகம் சூட்டை நன்றாகவே தாங்கும். இலையில் மற்ற பொருள்களோடு நீரில் கொதிக்கும்போது நிலைமை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருக்க இந்தக் குடுவை வேண்டும். இரண்டாவது குடுவையில் புள்ளி வந்தால், அதை நான்காவதோடு மட்டுமின்றி முதலாவதோடும் ஒப்பிடுங்கள். நீர் ஒன்றே, சூடு வேறு என்ற ஒரே ஜோடி அதுதான்; நேரமும் பிழிவதும்கூட வேறு என்பதை மறக்காதீர்கள்.

நடுநிலைப் பகுதியைப் பிரித்தல்

ஈதருக்கு மாறியதும் பலன் ஏறியது, நச்சும் கூடவே வந்தது. தூ யூயூ குழு ஈதர் சாற்றை அமிலப் பகுதி, நடுநிலைப் பகுதி என்று பிரித்தது. அமிலப் பகுதியில் பலன் இல்லை, நச்சு இருந்தது. நடுநிலைப் பகுதியே மருந்து. 1971 அக்டோபர் 4-இல் 191 என்று எண்ணிட்ட நடுநிலைச் சாறு எலி மலேரியாவை 100 சதவீதம் அடக்கியது. அடுத்து குரங்கு மலேரியாவிலும் அதே பலன் கிடைத்தது. 1972 மார்ச் 8-இல் நான்ஜிங் கூட்டத்தில் இதை அறிவித்தார்.

படிகம் வேண்டுமானால் 50 கிராம் இலையிலிருந்து தொடங்குங்கள். 500 மில்லி பெட்ரோலியம் ஈதரில் ஓர் இரவு, பிறகு புதிதாக 300 மில்லியில் இன்னொரு முறை. இரண்டையும் சேர்த்து 100 மில்லியாக வற்ற வைத்து, பிரிபுனலில் ஊற்றி, 5 சதவீத சோடியம் பைகார்பனேட் கரைசல் 40 மில்லியால் இரண்டு முறை கழுவுங்கள். கார்பன் டை ஆக்சைடு பொங்கும். புனலைக் கவிழ்த்ததும் குழாயைத் திறந்து வாயுவை விடுங்கள். முதல் தடவை மெதுவாகச் சாய்த்து மட்டும் எடுங்கள். வேகமாகக் குலுக்கினால் நடுவே நுரைத்த பச்சை அடுக்கு ஒன்று உருவாகி ஒரு மணி நேரமானாலும் பிரியாது. அப்படி ஆனால் நிறைவுற்ற உப்புக் கரைசல் 20 மில்லி ஊற்றிச் சுழற்றி விடுங்கள். அமிலத்தை எடுக்க இன்னும் வலுவான காரம் நல்லதுதானே என்று சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் போக வேண்டாம். ஆர்ட்டிமிசினினின் லாக்டோன் வளையத்தைக் காரம் திறந்துவிடும்.

மேலடுக்கை நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி வற்ற வைத்தால் கரும்பச்சைப் பசை கிடைக்கும். அதை 2 மில்லி குளோரோஃபார்மில் கரைத்து 20 மில்லி அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். மெழுகு செதிளாக அடியில் இறங்கும். வடித்து எறியுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தவர்களுக்குக் கடைசியில் படிகத்துக்குப் பதில் கொழகொழவென்ற ஒன்றுதான் மிஞ்சும்.

தட்டில் பார்ப்பது

சிலிக்கா ஜெல் தட்டு, ஓட்டும் நீர்மம் பெட்ரோலியம் ஈதர் எட்டுப் பங்கு, எத்தில் அசிட்டேட் இரண்டு பங்கு. பக்கத்திலேயே தூய ஆர்ட்டிமிசினினின் ஒரு புள்ளியும் ஓட வேண்டும். அச்சில் பார்த்த ஆர்.எஃப். மதிப்பை (நீர்மம் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு) நம்பாதீர்கள், தட்டின் ஈரம் மாறினாலே அது நகரும்.

புற ஊதா விளக்கில் 254 நானோமீட்டரில் பார்த்தால் பல புள்ளிகள் தெரியும், ஆர்ட்டிமிசினின் தெரியாது. ஒளியை உறிஞ்சும் இரட்டைப் பிணைப்புத் தொடர் அதன் மூலக்கூறில் இல்லை. விளக்கில் பளிச்சென்று தெரியும் புள்ளியைச் சுற்றிக் கோடு போட்டு 'மருந்து' என்று குறிப்பவர்கள் அநேகமாக வேறெதையோதான் குறிக்கிறார்கள். நிறமூட்டி வேண்டும். மெத்தனால் 85 மில்லியைப் பனிக்கட்டியில் வைத்து, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 10 மில்லி, பிறகு அடர் கந்தக அமிலம் 5 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசியில் பாரா அனிசால்டிஹைடு 0.5 மில்லி. தட்டை நனைத்து 105 டிகிரியில் ஐந்து நிமிடம் வையுங்கள். முதலில் மஞ்சளாகத் தொடங்கி இளஞ்சிவப்புக்குத் திரும்பும். இன்னும் விட்டால் தட்டு முழுக்கச் சிவந்து எல்லாப் புள்ளியும் ஒன்றாகிவிடும். ஆகவே சூட்டடுப்பை விட்டு நகராமல், நிறம் திரும்பிய கணத்தில் வெளியே எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

படிகம்

2.5 சென்டிமீட்டர் அகலக் குழாயில் 40 கிராம் சிலிக்கா ஜெல்லை ஹெக்சேனில் குழைத்து ஊற்றுங்கள். மேல்மட்டம் ஒருபோதும் காயக்கூடாது; காய்ந்தால் வெடிப்பு விழும், பச்சை நிறம் அந்த வெடிப்பு வழியே நேராக இறங்கிவிடும். மெழுகு நீக்கிய சாற்றைச் சிறிது சிலிக்காவில் உறிஞ்ச வைத்து உலர்ந்த பொடியாக மேலே இடுங்கள். முதலில் ஹெக்சேன் மட்டும் 100 மில்லி. பிறகு எத்தில் அசிட்டேட்டை 5, 10, 15, 20 சதவீதம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். 15 மில்லிக் குழாய்களாகப் பிடித்து ஒவ்வொன்றையும் தட்டில் பாருங்கள். பெரும்பாலும் 10–15 சதவீதத்தில் வரும்.

ஒற்றைப் புள்ளி உள்ள குழாய்களை மட்டும் சேருங்கள். பக்கத்துக் குழாயிலும் கொஞ்சம் இருக்கிறதே என்று ஆசைப்பட்டால் படிகம் வராது. வற்ற வைத்து, 50 டிகிரி எத்தனாலில் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவில் கரைத்து, நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். லேசாகக் கலங்கியதும் நிறுத்தி, தெளியும் வரை மீண்டும் மெல்லச் சூடாக்கி, துணி சுற்றிய குடுவையில் தானாக ஆற விடுங்கள். பிறகுதான் குளிர்பெட்டி. அவசரப்பட்டு நேராகப் பனிக்கட்டியில் வைத்தால் எண்ணெய்த் துளியாகப் பிரிந்து நிற்கும்; அப்போது மறுபடி கரைத்து, கண்ணாடிக் குச்சியால் சுவரை உரசி, ஒரு துணுக்குத் தூய படிகத்தை வித்தாகப் போடுங்கள். நிறமற்ற ஊசிகள் எழும். 1972 நவம்பர் 8-இல் தூ யூயூ குழுவின் கையில் வந்தவையும் இத்தகைய நிறமற்ற படிகங்களே. உருகுநிலை 156–157 டிகிரி. உங்களுடையது 148-இல் இளகத் தொடங்கி 154 வரை இழுத்தால் மெழுகு இன்னும் இருக்கிறது, மறுபடிகமாக்குங்கள். செடியில் இருந்ததில் பாதி கைக்கு வந்தாலே நல்ல வேலை.

பிறகு ஓர் அழகான சோதனை. 5 மில்லிகிராம் படிகத்தை அரை மில்லி எத்தனாலில் கரைத்து, 8 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு 1 மில்லி, 10 சதவீதக் கந்தக அமிலம் 2.5 மில்லி, ஸ்டார்ச் கரைசல் நான்கு சொட்டு விடுங்கள். உடனே ஊதா. மூலக்கூறில் இருக்கும் பெராக்சைடுப் பாலம் அயோடைடை அயோடினாக்குகிறது. ஒட்டுண்ணியைக் கொல்வதும் அந்தப் பாலம்தான்: சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்னும் ஒட்டுண்ணிக்குள் இரும்பு விடுபட, அது பாலத்தை உடைக்க, பிறக்கும் வேதித் துணுக்குகள் ஒட்டுண்ணியின் புரதங்களைச் சிதைக்கின்றன. படிகம் போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் கூடவே வைக்க வேண்டும். பழைய ஈதரைப் பயன்படுத்தியிருந்தால் அதன் பெராக்சைடே ஊதாவைக் காட்டி ஏமாற்றும்.

எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, காரத்தின் அந்தக் கெடுதலையே பயன்படுத்திக்கொள்ளலாம். மெத்தனாலில் கரைத்த மாதிரி 1 மில்லியோடு 0.2 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 4 மில்லி சேர்த்து 50 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, குளிர்ந்ததும் 0.08 மோலார் அசிட்டிக் அமிலம் 5 மில்லி விட்டால், ஒளியை உறிஞ்சாத பொருள் 260 நானோமீட்டரில் உறிஞ்சும் பொருளாக மாறியிருக்கும். தரமாதிரியையும் அதே நேரத்தில் அதே வாட்டர் பாத்தில் வைத்துக் கோடு வரையுங்கள். நேரம் ஐந்து நிமிடம் மாறினாலும் எண் மாறும்.

படிகத்திலிருந்து மருந்து வரை

1972 ஜூலையில் தூ யூயூவும் இரு சக ஆய்வாளர்களும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்து நடுநிலைச் சாற்றைத் தாமே உட்கொண்டார்கள். சில விலங்குகளில் நச்சு அறிகுறி போல ஏதோ தெரிந்திருந்தது, மலேரியாப் பருவமோ முடியப் போகிறது. காத்திருந்தால் ஓராண்டு போய்விடும். அந்தத் துணிவை மதிக்க வேண்டும். ஆனால் இன்று யாரும் பின்பற்றக் கூடாத படி அது. அதன்பின் ஹைனானில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கி ஒட்டுண்ணி மறைந்தது.

1973-இல் தூய படிகத்தை மாத்திரையாக்கி ஹைனானுக்கு அனுப்பியபோது முடிவு ஏமாற்றியது. சாற்றில் வேலை செய்தது படிகத்தில் ஏன் செய்யவில்லை? மறுபடியும் முறையைத்தான் சோதித்தார்கள். மாத்திரை கரையவே இல்லை. இறுக்கமாகப் போய் வயிற்றில் உடையாமல் நின்றது. அதே படிகப் பொடியைக் கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்ததும் பலன் திரும்பியது. வகுப்பில் இதைக் காட்ட மருந்து வேண்டாம். ஸ்டார்ச்சும் லாக்டோஸும் கலந்த பொய் மாத்திரைகளை இரண்டு அழுத்தத்தில் அடித்து, 37 டிகிரி நீரில் சிதைவுக் கருவியில் இறக்குங்கள். உறையிடாத மாத்திரை 15 நிமிடத்துக்குள் சிதைய வேண்டும் என்பது பல மருந்துத் தர நூல்களின் விதி. அதிகம் அழுத்தியது அப்படியே கல்லாகத் தொங்குவதைப் பார்த்தவர்கள், ஒரு மருந்து பலிக்கவில்லை என்று கேட்டால் முதலில் மாத்திரையைத்தான் கேட்பார்கள்.

அதே 1973-இல் கார்பனைல் தொகுதி இருக்கிறதா என்று பார்க்க சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கியபோது டைஹைட்ரோ ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. அது தாய்ப் பொருளைவிட வீரியமானது. இன்று தரும் பல கூட்டு மருந்துகளின் அடிப்படை.

குறிப்பேடு

ஒவ்வொரு பக்கத்திலும் செய்தவர் பெயர், இலைக் கொத்தின் எண், கரைப்பான் புட்டி திறந்த தேதி மூன்றும் இருக்கட்டும். 523 திட்டத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் உழைத்தார்கள். யுன்னானிலும் ஷான்டோங்கிலும் வேறு குழுக்கள் அதே பொருளைப் படிகமாக்கின. மூலக்கூறின் அமைப்பை ஷாங்காய் வேதியியலாளர்களும் பெய்ஜிங் உயிர் இயற்பியலாளர்களும் சேர்ந்து கண்டார்கள். 1977-இல் அமைப்பை வெளியிட்ட கட்டுரையில் ஆய்வுக் குழுவின் பெயர் மட்டுமே இருந்தது, ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. தூ யூயூவுக்கு 2011-இல் லாஸ்கர் விருதும் 2015-இல் மருத்துவ நோபலில் பாதியும் கிடைத்தபோது, யார் எந்தப் படியைச் செய்தார் என்று நாற்பது ஆண்டு பழைய கூட்டக் குறிப்புகளையும் அறிக்கைகளையும் தோண்டித்தான் பேச வேண்டியிருந்தது.

கரைப்பான் கழிவை ஹாலஜன் உள்ளது, இல்லாதது என்று இரண்டு கேனாகப் பிரியுங்கள். குளோரோஃபார்ம் பட்ட துளிகூட முதலாவதில். வற்றிய சக்கையில் ஈதர் ஆவி இன்னும் இருக்கும். குப்பையில் போடுமுன் கூண்டுக்குள் ஓர் இரவு பரப்பி வையுங்கள்.